தற்கொலைத் தடுப்புக்காக ஓர் ஓட்டம்: நடத்துவது எப்படி?

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, பெசன்ட் நகர் கடற்கரையில் நண்பர்களோடு சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறோம். என் தம்பியை இழந்த பிறகு நான் இதில் இறங்கினேன். எங்கள் வீட்டில் "மாரடைப்பு" என்றுதான் உறவினர்களிடம் சொன்னார்கள். அதே சொல்லைச் சொல்லிச் சமாளித்த வேறு குடும்பங்களை இந்த ஓட்டத்தில்தான் சந்தித்தேன். 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஓர் ஓட்டம் நடத்தலாம்.

ஓடிப் பழகாதவர்களுக்கு எட்டு வாரம் முன்பே அழைப்பு விடுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் போதும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம். இந்த அளவுகோல் எங்களுக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் வாய் திறக்காதவர்கள், சாலையைப் பார்த்தபடி தோளோடு தோளாக ஓடும்போது மனம் விட்டுப் பேசுகிறார்கள். ஆகவே எல்லோரையும் இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள். பந்தயம் வேண்டாம், முதல் பரிசும் வேண்டாம். நடந்து வருகிறேன் என்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை, மாநகராட்சி அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய, ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். தண்ணீர், உப்புப் போட்ட மோர், முதலுதவிக்கு ஆள் இருக்கட்டும்.

ஓட்டத்தின் மூலம் நன்கொடை திரட்டினால், பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்காதீர்கள். எந்த அமைப்புக்குத் திரட்டுகிறீர்களோ அதனிடம் முதலில் சம்மதம் பெற்று, நன்கொடை நேரே அதன் வங்கிக் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா போன்ற தொண்டு அமைப்புகள் இந்தப் பணியில் இருக்கின்றன. நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி அமைப்புக்கு உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்; பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அது பயன்படும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது.

அழைப்பிதழிலும் மேடையிலும் வரும் வாசகங்களைத்தான் நான் நாலு முறை படித்துப் பார்ப்பேன். இறந்தவர் எப்படி இறந்தார், எங்கே இறந்தார், கடிதத்தில் என்ன எழுதினார் என்பதெல்லாம் வரவே கூடாது. அத்தகைய விவரங்கள் ஏற்கெனவே தத்தளிப்பவரை மேலும் தள்ளிவிடும். "பரீட்சையில் தோற்றதால்" என்று ஒரே காரணத்தில் ஓர் உயிரை அடக்கிவிடவும் கூடாது. ஓடினால் மனச்சோர்வு பறந்துவிடும் என்று யாரும் மைக்கில் முழங்கவும் விடாதீர்கள். உடற்பயிற்சி உதவுகிறது, உண்மை. ஆனால் அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பொறுப்பு நம்முடையது.

ஓடுபவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் எங்கள் எண் அட்டையின் மேல்பாதியில் அவரவர் எண். கீழ்ப்பாதியில் அதே அளவில் 14416. இது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அட்டையின் பின்புறம் வெறுமையாக இருக்கும். விரும்பியவர்கள் அங்கே ஒரு பெயர் எழுதி, எழுத்து உள்ளே மறையும்படி ஊக்கு குத்திக்கொள்கிறார்கள். ஒரு முறை பதிவு மேசைக்கு வந்த பெரியவர் ஒருவர் பேனாவை வாங்கி "என் மகள்" என்று மட்டும் எழுதினார். பெயரைக் கேட்க வேண்டாம் என்று தன்னார்வலர்களுக்குச் சொல்லி வைத்திருந்தோம், யாரும் கேட்கவில்லை.

முடிவிடத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒலிபெருக்கி எட்டாத இடத்தில், நாலைந்து நாற்காலிகள் போடுங்கள். மனநல ஆலோசகர் ஒருவரையாவது அங்கே உட்கார வையுங்கள். தன்னார்வலர் எல்லோருக்கும் முந்தைய வாரமே ஒரு மணி நேரமாவது பயிற்சி வேண்டும். யாராவது "எல்லாம் போதும்" என்ற தொனியில் பேசினால், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பாரம் இறக்கி வைக்க வழி கிடைக்கும். அறிவுரை சொல்லாமல், "குழந்தைகளை நினைத்துப் பார்" என்று குத்தாமல் கேளுங்கள். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். ஆலோசகரிடம் கூடவே நடந்து போங்கள், தவிப்பவரின் சம்மதத்தோடு அவர் வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108.

ஒரு வாரத்துக்குள் வரவு செலவை நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நாற்காலிகளில் உட்கார்ந்து பேசியவர்களை, அவர்கள் எண் கொடுத்திருந்தால், மறுநாளே அழையுங்கள். அடுத்த வாரமும் அழையுங்கள். அந்த வேலைக்கென்று இருவரை முன்பே ஒதுக்கி வையுங்கள்.