புதுப் பாடம் எழுதும்போது செய்யக் கூடாதவை

சென்ற மாதம் இளம் ஆசிரியர்கள் இருவர் ஒரு சான்றிதழ் படிப்பின் வரைவை என் மேசையில் வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவு, 30 மணி நேரம். வாசித்து முடிக்கும் முன்பே என் மூக்கில் படம் கழுவும் பழைய இருட்டறையின் வினிகர் வாடை ஏறிவிட்டது.

கணினி போதவில்லை, ஆங்கிலம் வரவில்லை என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கருவியையே பாடமாக்குவது

ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்டது ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பிலிம் ஆலை. அதன் ‘இந்து’ பிலிம் என்றால் இந்த மலைக்கே ஒரு பெருமிதம். 1998இல் மலைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த நான், உள்ளூர் வேலைக்கேற்ற படிப்பு என்று இருட்டறைத் தொழில்நுட்பத்தில் ஒரு சான்றிதழ் வகுப்பைத் தொடங்கினேன். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர்கள் எட்டு, சிவப்பு விளக்குகள், தட்டுகள் என்று துறையின் சேமிப்பு முழுவதும் கரைந்தது. ஆலை அப்போதே நலிந்துகொண்டிருந்தது. அதைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறவனுக்கே அது உறைக்கவில்லை.

வகுப்பு 60 மணி நேரம். டெவலப்பரில் எத்தனை நிமிடம், எந்தக் காகிதத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்று 58 மணி நேரம் கைவேலை. ஒளி பட்ட வெள்ளி உப்பு ஏன் கறுக்கிறது, ஒளி படாததை ஹைப்போ என்ற கரைசல் எப்படிக் கரைத்து எடுக்கிறது என்பதற்குக் கடைசி இரண்டு மணி நேரம், அதுவும் நேரம் மிஞ்சினால்.

சில ஆண்டுகளில் டிஜிட்டல் கேமரா வந்தது. ஊட்டி சேரிங் கிராஸில் எதிர்ப்பட்ட பழைய மாணவர் ஒருவர், “சார், நீங்கள் கொடுத்த சான்றிதழை இனி எங்கே காட்டுவது?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே வழி கேட்டார்.

அதே வகுப்பில் ஓயாமல் ‘ஏன்’ கேட்ட பையன் ஒருவன் இருந்தான். பாடத்தை இழுத்தடிக்கிறாய் என்று இரண்டு முறை திட்டியிருக்கிறேன். அவன் இன்று கோவையில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறான். தண்ணீரில் குளோரைடை அளக்க வெள்ளி நைட்ரேட்டைத்தான் சொட்டுச் சொட்டாக விடுகிறான். அதே வெள்ளி, அதே வீழ்படிவு. நான் சுருக்கிய அந்த இரண்டு மணி நேரம்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

இளைஞர்கள் கொண்டுவந்த வரைவில் பென்சிலை வைத்தேன். செயலியின் பெயர், அழுத்த வேண்டிய பொத்தான் எல்லாவற்றையும் அடித்தோம். முப்பதில் 24 மணி நேரப் பாடம் காணாமல் போனது. ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த இடத்தில் பசுந்தேயிலையை வைத்தோம். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் சிறு விவசாயிகளின் பிள்ளைகள். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையையும் குன்னூர் ஏல விலையையும் அவர்களே தொகுக்க வேண்டும். பிறகு இயந்திரத்திடம் கேட்டு, அது சொல்வதில் எது சரி, எது சரடு என்று எழுதித் தர வேண்டும். வேறு செயலி வந்தாலும் இந்தப் பயிற்சி நிற்கும்.

பல்கலைக்கழகம் அனுமதிக்காது என்று உட்கார்ந்துவிடுவது

இணைவுக் கல்லூரியால் மையப் பாடத்தைத் தொட முடியாதுதான். ஆனால் செய்முறைத் திட்டத் தலைப்பு, களப்பயணம், அக மதிப்பீட்டுக் கேள்வி எல்லாம் நம் கையில்.

வெளிப்பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டு நழுவுவது

2022இல் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வந்தது. அந்த வகுப்பு நடக்கும்போது பேராசிரியர் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. நான் போயிருக்கிறேன்.

மலையை மறப்பது

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த ஆண்டும் எங்கள் மாணவர்கள் ஏதோ ஒரு சமவெளி நகரத்தின் வெள்ள வரைபடத்துக்குத்தான் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேலைவாய்ப்பை மூன்றாம் ஆண்டில் நினைப்பது

இரண்டு ஆண்டு தாமதம்.

வாங்கியதை ஒளித்துவைப்பது

எட்டு என்லார்ஜர்களும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. ஆண்டுதோறும் இருப்புப் பதிவேட்டில் ‘இயங்கும் நிலையில் உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். இந்த முறை பதிவேட்டை அந்த இளம் ஆசிரியர்கள் இருவரிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன்.