சிறுநீரை அமிலமாக்கும் பாஸ்பேட் மாத்திரை: பாதுகாப்பாக எடுப்பது எப்படி?

சிறுநீர்ப்பாதைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு மெத்தினமைன் தருவதுண்டு. சிறுநீர் அமிலமாக இருந்தால்தான் அது ஃபார்மால்டிஹைடாகப் பிரிந்து கிருமியைக் கொல்லும். அந்த அமிலத்தன்மைக்காகவும், சிறுநீரில் கால்சியம் படியாமல் கரைந்திருக்கவும் எழுதித் தரும் மருந்துதான் பொட்டாசியம் அமில பாஸ்பேட். கடையில் நாமாக வாங்கிப் போட்டுப் பார்க்கிற மாத்திரை அல்ல.

1. முதலில் ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம், பாஸ்பேட் இரண்டையும் வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அதன் திறன் 30 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் இந்த மருந்து கூடாது. ரத்தத்தில் அவை ஏற்கெனவே கூடியிருந்தாலும், தொற்றால் உண்டான பாஸ்பேட் கல் இருந்தாலும் கூடாது. யூரிக் அமிலக் கல் வந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அந்தக் கல் அமிலச் சிறுநீரில்தான் வளரும்.

2. பெயரை முழுதாகப் படியுங்கள். இந்த மருந்தின் வணிகப் பெயரான 'கே-ஃபாஸ் ஒரிஜினல்' சிறுநீரை அமிலமாக்கும். 'கே-ஃபாஸ் நியூட்ரல்' பாஸ்பேட் குறைபாட்டுக்கானது, இந்த வேலைக்கு உதவாது.

3. கரைத்துக் குடியுங்கள். அப்படியே விழுங்க வேண்டாம். 500 மி.கி. மாத்திரையில் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு, ஒரு வேளைக்கு 2 வீதம் நாளுக்கு 4 வேளை: மூன்று வேளை உணவோடு, அப்புறம் படுக்கும்போது. உங்கள் சீட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. 180 முதல் 240 மி.லி. தண்ணீரில் போட்டு 2 முதல் 5 நிமிடம் ஊறவிட்டுக் கலக்குங்கள். துணுக்கு மிஞ்சினால் நசுக்கிக் கரைத்துவிடலாம்.

4. கூட என்ன சாப்பிடுகிறீர்கள்? பலரும் கோட்டைவிடும் இடம் இது. சிறுநீர் எரிச்சலுக்குக் குடிக்கிற சிட்ரேட் சிரப் சிறுநீரைக் காரமாக்கும், அதாவது அமிலத்துக்கு நேரெதிராக்கும். இரண்டையும் சேர்த்து எடுப்பது ஒரே வண்டியை இரு பக்கமும் இழுப்பதுதான். அலுமினியம், மெக்னீசியம், கால்சியம் உள்ள வயிற்றுப்புண் மருந்துகள் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில், ராமிப்ரில், சோடியம் குறைந்த மாற்று உப்பு ஆகியவற்றால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். சல்பா வகை ஆன்டிபயாடிக் மருந்து எடுத்தாலும் சொல்லுங்கள். மெத்தினமைனோடு அது சிறுநீரில் படிந்துவிடும்.

5. பி.எச். பட்டையால் பாருங்கள். பி.எச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடுதல். புதிதாகப் பிடித்த சிறுநீரில் பட்டையை நனைத்து, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் நிறத்தை ஒப்பிடுங்கள். மெத்தினமைனுக்கு 6-க்குக் கீழே இருந்தால் நல்லது. எண் இறங்கவில்லை என்று மாத்திரையைக் கூட்டாதீர்கள். புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும்; அப்போது எத்தனை மாத்திரை போட்டாலும் சிறுநீர் காரமாகவே நிற்கலாம்.

முதல் சில நாள் வயிறு கொஞ்சம் இளகும். சரியாகாவிட்டால் அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று மருத்துவரைக் கேளுங்கள். பழைய கல் நகர்ந்து வலிக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் கால் பலவீனம், உதட்டிலோ கையிலோ மதமதப்பு, சீரற்ற இதயத் துடிப்பு, குழப்பம், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மாத்திரை டப்பாவும் கையில் இருக்கட்டும்.