குழாய்த் தண்ணீர்: நம் வாசலில் நடக்கிற தவறுகள்

மதுரையிலிருந்து தேனி போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். நல்ல தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு தடவை வரும், சில வாரம் ஐந்தாகும். வருகிற அன்று விடியற்காலையிலேயே தெரு முழுக்கக் குடமும் கையுமாக நிற்கும். போன ஐப்பசியில் அடுத்தடுத்து மூன்று வீடுகளில் மஞ்சள் காமாலை. "அணைத் தண்ணியே கெட்டுப் போச்சு" என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பிளம்பர் வந்து தோண்டிப் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு வருகிற குழாய் சாக்கடைக்குள்ளேயே பத்தடி தூரம் போகிறது. நடுவில் இணைப்பு விட்ட இடத்தில் யாரோ சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, எங்கள் அப்பாதான்.

மூன்று வீட்டுக் காமாலைக்கும் அந்த டியூப் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு 'தண்ணீர் சரியில்லை' என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது அணையை அல்ல, அவர்கள் வீட்டு வாசலை.

வைகை அணை 71 அடி நிரம்பியதா என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோம். அங்கிருந்து வருகிற தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணல் படுகையில் வடிகட்டி, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். அத்தனை மைல் வந்த தண்ணீர், பெரும்பாலும் கடைசி நூறு அடியில்தான் கெடுகிறது.

பெரிய தவறு: குழாயில் நேராக மோட்டார் மாட்டுவது

தெருக் குழாயில் எங்கேயும் ஓட்டையே இல்லாத ஊர் கிடையாது. ஆனால் குழாய்க்குள் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை, ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியுமே தவிர, அழுக்கு உள்ளே வராது. சப்ளை நின்றபிறகு குழாய் காலியாகக் கிடக்கும் அந்த நான்கு நாளில்தான் வினை. சுற்றியிருக்கிற ஈரம், சாக்கடைக் கசிவு எல்லாம் மெதுவாக உள்ளே இறங்கும்.

இது போதாதென்று தண்ணீர் வந்ததும் வீட்டுக்கு வீடு அரை எச்.பி. மோட்டாரைப் போடுகிறோம். இளநீரில் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சுகிற கதைதான். தெருக் குழாயில் வருவதைவிட மோட்டார் அதிகமாக இழுக்கும்போது, பக்கத்து வீட்டு ஓட்டை வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். எங்கள் வீட்டு சைக்கிள் டியூப் இடுக்கில் நுழைந்தது எதிர் வீட்டுத் தொட்டியில் போய்ச் சேர்ந்திருக்கலாம். மோட்டார் அவர்களுடையது, ஓட்டை எங்களுடையது. யார் யாரைத் திட்டுவது?

இப்படி மாட்டுவது விதிமீறலும்கூட. பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பைத் துண்டிப்பார்கள். சரியான வழி, தண்ணீர் தானாக விழுகிற மாதிரி தரைத்தொட்டி கட்டி, அந்தத் தொட்டியிலிருந்து மாடிக்கு மோட்டார் போடுவது. தொட்டியின் வாய் தரைமட்டத்துக்கு மேலே ஒரு சாணாவது எழும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் தெருத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

அதே காரணத்துக்காக, குழாய் திறந்ததும் முதலில் வருகிற தண்ணீரைக் குடத்தில் பிடிக்கக் கூடாது. காலிக் குழாயில் சேர்ந்த அழுக்கெல்லாம் அதில்தான் வரும். கொட்டிவிடவும் வேண்டாம். வாசல் தெளிக்க, செடிக்கு ஊற்ற, கக்கூஸ் வாளிக்கு என்று ஐந்து நிமிடம் ஓடட்டும். எங்கள் அத்தை முதல் குடத்தைத்தான் குடிக்க எடுத்து வைப்பார், 'முதல் தண்ணி' ராசியாம்.

கண்ணும் மூக்கும் சொல்வதை அப்படியே நம்புவது

தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடித்தால் முகம் சுளிக்கிறோம். உண்மையில் அது நல்ல சேதி. கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வழியில் நுழைகிற கிருமியைக் கொல்ல அது காவல். வாடை பிடிக்காவிட்டால் திறந்த பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள், போய்விடும். எப்போதும் வாடை இருந்த குழாயில் திடீரென்று வாடையே இல்லையென்றால் அன்றைக்குத்தான் கவலைப்பட வேண்டும்.

பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியிலிருந்து மேலே தெளிந்துகொண்டே வந்தால் வெறும் காற்றுக் குமிழ். மேலே தெளிந்து அடியில் வண்டல் தங்கினால் வேறு விஷயம். நாலு நாள் கழித்து வருகிற செந்நிறம் பெரும்பாலும் துரு. சாக்கடை நாற்றமோ கறுப்புக் கலங்கலோ என்றால் அன்றைய தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அரிசி களையவும் வேண்டாம். ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு, வால்வு திறக்கிறவரிடமும் அலுவலகத்திலும் சொல்லுங்கள். பாட்டிலைக் காட்டினால்தான் பேச்சு எடுபடும்.

தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டோ படிகாரத்தைச் சுழற்றியோ தெளியவைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் தெளிந்த தண்ணீரும் சுத்தமான தண்ணீரும் ஒன்றல்ல. காமாலைக் கிருமி தெளிந்த தண்ணீரிலும் இருக்கும், வாடையும் இருக்காது. அது உள்ளே போய் இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆன பிறகுதான் கண் மஞ்சளாகும். அதனால்தான் நேற்றுக் குடித்த சர்பத்துக்காகக் கடைக்காரர் அநியாயமாகத் திட்டு வாங்குகிறார்.

வாசலுக்கு வருகிற மீட்டர்

டை கட்டிய பையன் ஒருவன் வருவான். உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு டம்ளரிலும், அவன் பாட்டில் தண்ணீர் ஒரு டம்ளரிலும் இருக்கும். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பான். நம் தண்ணீர் ஒரே நிமிடத்தில் செங்கல் கரைத்த மாதிரி ஆகிவிடும், அவனுடையது பளிங்கு மாதிரி அப்படியே இருக்கும். வீட்டம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அந்தச் சிவப்பு அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பி கரைந்து வந்த இரும்பு. நம் தண்ணீரில் உப்பு இருப்பதால் கரண்ட் பாய்கிறது, கம்பி அரிக்கிறது. அவன் கொண்டுவருவது ஆர்.ஓ. தண்ணீர், அதாவது சவ்வு வழியாக உப்பை வடிகட்டி எடுத்தது. அதில் உப்பு மிகக் குறைவு என்பதால் கரண்ட் சரியாகப் பாய்வதில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை வந்தால் அவன் டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன். காபி குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. மீட்டரில் 150 காட்டுகிற தண்ணீரிலும் காமாலைக் கிருமி இருக்கலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு ஏற்கத்தக்கது என்கிறது தர அளவு. அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. மெஷினுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. ஆற்றுத் தண்ணீர் வருகிற வீட்டில் ஆர்.ஓ. வைத்துவிட்டு, ஒரு குடம் குடிக்க மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக் கதை வேறு. நம் பக்கம் பாறை பூமி. உப்பும் சுண்ணாம்பும் நாக்கில் தெரியும், ஃபுளோரைடு தெரியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை, நாளாக நாளாக எலும்பில் வலி. காய்ச்சினால் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். அங்கே ஆர்.ஓ. வேண்டியிருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

காய்ச்சிய பிறகு

தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும். பிறகு நாம் செய்வதுதான் வேடிக்கை. அதே பழைய பானையில், விளக்காமல், மேலே ஊற்றுகிறோம். வருகிறவர் போகிறவர் எல்லாம் விரல் நனைய டம்ளரை விட்டு மொள்கிறார்கள். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். நீளக் கைப்பிடி உள்ள அகப்பையோ அடியில் குழாய் வைத்த பானையோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மாடித் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடுகிறார்கள். நல்ல பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். பரணில் பிரித்துப் போட்டு வருடக்கணக்கான பவுடரில் வீரியமே இருக்காது.

டிரம், அண்டாவுக்குத் துணி கட்டாமல் விட்டால் டெங்கு கொசு ஒரு வாரத்தில் தயார். அதன் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே காலிசெய்தால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

கேன் தண்ணீரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீல், தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் கிடந்து உள்ளே பச்சை படிந்த கேனைத் திருப்பி அனுப்புங்கள்.

சந்தேகம் தீரச் சோதனைதான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் உண்டு. கிருமிச் சோதனைக்கு வீட்டு கோலா பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகாதீர்கள். கிருமி நீக்கிய பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்கி, குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எங்கள் குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கி, புதுக் குழாய் போட்டாயிற்று. எதிர் வீட்டிலும் தரைத்தொட்டிக்குக் குழி வெட்டுகிறார்கள். அப்பா மட்டும் அந்த சைக்கிள் டியூப்பைக் கழுவி, காயவைத்து, சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறார். எதுக்காவது ஆகுமாம்.