ரக்கெட் ஸ்ட்ரிங்கை வெட்டும் முன்

டென்னிஸ் ரக்கெட்டுக்கு வீட்டிலேயே ஸ்ட்ரிங் போடப் போகிறீர்களா, கத்தரிக்கோலை எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், எந்த ஓட்டையைத் தாண்டிப் போகிறது என்பது வெட்டிய பிறகு ஞாபகத்தில் நிற்காது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று மாறி மாறி வெட்டுங்கள். நெடுக்கை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் ஃபிரேம் கோணிவிடும் (நான் போனேன்). புதிதைக் கோர்க்கும்போதும் நெடுக்குதான் முதலில், நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக. சுமார் 12 மீட்டர் போதும். எத்தனை பவுண்ட் இழுவை என்று ஃபிரேமிலேயே அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 50, 60 பக்கம். அது கைபலத்தில் வராது, எடை தொங்கும் சின்ன மெஷினாவது வேண்டும். அப்புறம், வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரத்துக்கு மாட்டுக் குடலில் செய்த ஸ்ட்ரிங் வீண்செலவு, சிந்தெடிக் வாங்குங்கள்.