நாக்கு கறுத்தாலோ வெளுத்தாலோ: வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை

நாக்கு நிறம் மாறினால் மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் கேட்பதுதான் நம் வேலூர்ப் பக்கத்தில் முதல் வேலை. அதற்கு முன் தெரியவேண்டியது ஒன்று: மேலே படிந்த நிறமா, நாக்கின் தோலே மாறிவிட்டதா?

படி 1. காலையில் பல் துலக்கும் முன், வாசல் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். முந்தைய நாள் நாவல் பழம், வெற்றிலை, இரும்புச்சத்து டானிக் உண்டா என்று யோசியுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படி 2: துணித் துடைப்பு. பலரும் தவறுவது இங்கேதான். வழிப்பானால் வறட்டு வறட்டென்று இழுத்தால் நல்ல நாக்கும் சிவந்து ரத்தம் கசியும். பிறகு எதுவும் கண்டுபிடிக்க முடியாது. துவைத்த பருத்தித் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, மெதுவாக இரண்டு மூன்று முறை துடையுங்கள்.

துடைத்ததும் கீழே இளஞ்சிவப்பாக இருந்தால் வெறும் படிவு. தயிர்த் திட்டுபோல வந்து, அடியில் புண்ணாகச் சிவந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள், பல்செட் போடுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். மருத்துவர் பார்த்து குளோட்ரிமசோல் வாய்மருந்தோ நிஸ்டாட்டினோ தருவார். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு தனி ரகம், அதற்குப் படி 3.

படி 3. நாக்கு நுனியைத் துணியால் பிடித்து வலம், இடம் என இழுத்து ஓரங்களைப் பாருங்கள். நாக்குப் புற்று பெரும்பாலும் ஓரத்தில்தான் தொடங்குகிறது. நேராக நீட்டிப் பார்த்தால் தெரியாது. பீடி, புகையிலை, பாக்கு பழக்கம் உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. வெள்ளையோ சிவப்போ திட்டு, தடிப்பு, ஆறாத புண் 2 வாரத்துக்கு மேல் நின்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ போய்க் காட்டுங்கள். வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.

கறுப்பு, பழுப்பு, ரோமம்போல: நாக்கின் மேல் சொரசொரப்பாக உள்ள நுண்காம்புகள் உதிராமல் நீண்டு, டீ, காபி, புகைக் கறை ஏறியது. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் கெடுதல் இல்லை. புகையை நிறுத்துங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மென்மையான பிரஷால் பின்னாலிருந்து முன்னோக்கி 10 முதல் 15 இழுப்பு, காலை இரவு இருவேளை. சில வாரங்களில் தெளியும். வேப்பங்குச்சியைப் பிளந்து வழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், சிம்பு கீறும். பிரஷ்தான் மேல். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டினால் அதுவே கறை போடும். வயிற்றுப்புண்ணுக்கான பிஸ்மத் மருந்தும் நாக்கைக் கறுப்பாக்கும். நிறுத்திய சில நாளில் மாறும். கரும்பழுப்புப் புள்ளிகள் சிறு வயது முதலே இருந்தால் நம் தோல் நிறத்தவர்க்கு இயல்பு.

வழவழப்பாக, காம்பு தெரியாத சிவப்பு: பி12, இரும்பு அல்லது ஃபோலிக் அமிலக் குறைவாக இருக்கலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய்க்கு நெடுநாள் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் பி12 அளவு பாருங்கள். சோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகே ஊசியோ மாத்திரையோ. முன்பே போட்டால் அளவு தப்பாகக் காட்டும். பி12 குறைவை ஃபோலிக் அமிலத்தால் மட்டும் சரிக்கட்டினால் ரத்தம் தேறும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

ஸ்ட்ராபெர்ரிபோலச் சிவந்த குழந்தை நாக்கு: 5 நாளாகக் காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு சேர்ந்தால் அன்றே குழந்தை மருத்துவர். ரத்தக்குழாய்கள் அழலும் கவாசாகி நோயாக இருக்கலாம், அதில் தாமதம் இதயத் தமனியைக் கெடுக்கும்.

நீலம்: உதடும் நீலமாகி மூச்சு வாங்கினால் படிகளை விடுங்கள், உடனே 108.

பின்சேர்க்கை: ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கு வெள்ளைப் படிவு திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு முறையும் இழுத்த உடனே வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி, தண்ணீரில் ஊறவையுங்கள். நாக்குக்கு மட்டும் மருந்து தடவி, பல்செட்டை அப்படியே போட்டால் பூஞ்சை அதிலிருந்து மறுபடி ஏறும்.