பழைய கம்ப்யூட்டருக்குக் காசு போடலாமா, கைவிடலாமா?

பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் ‘ஒரு ரேம் போட்டா பறக்கும் சார்’ என்பதும், ‘ரொம்பப் பழசு, புதுசு வாங்கிடுங்க’ என்பதும் ஒரே கவுன்ட்டரிலிருந்து வரும். அங்கே போகும் முன் வீட்டில் பத்து நிமிடம் ஒதுக்கினால் எது உண்மை என்று தெரிந்துவிடும்.

முதலில் பிராசஸர் எண். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட். இன்டெல் ஐ5-7200யு என்றால் 7வது தலைமுறை, 8250யு என்றால் 8வது, 10210யு என்றால் 10வது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, ஒருசில விதிவிலக்குகள் போக, 8வது தலைமுறையாவது வேண்டும். அதற்குக் கீழே உள்ள மெஷினில் பேங்க் வேலை செய்பவர்கள் பெரிய செலவு செய்யாதீர்கள். பிள்ளைகள் படிக்க, படம் பார்க்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். எண் சரியாக இருந்தும் ‘டிபிஎம் (பாதுகாப்பு சிப்) இல்லை’ என்று விண்டோஸ் சொன்னால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் திறக்கும் செட்டிங்ஸில் பாருங்கள். டிபிஎம் அங்கே பிடிடி (ஏஎம்டியில் எஃப்டிபிஎம்) என்ற பெயரில் பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

அடுத்து நோயைக் கண்டுபிடிப்பது. மெஷினை ஆன் செய்து, ஐந்து நிமிடம் கழித்து டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். சிபியு (பிராசஸர்) 10 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100இல் நிற்கிறதா? ஹார்ட் டிஸ்க்தான் குற்றவாளி. எத்தனை ரேம் போட்டாலும் பறக்காது. சின்னச் சின்ன ஃபைல்களுக்காக அதன் முள் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் போடும் எஸ்எஸ்டி, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்; அதில் ஓடுவதற்கு முள்ளே இல்லை. பிரவுசர் திறந்ததும் மெமரி 85 சதவீதம் தாண்டினால் ரேம் போதவில்லை. லேப்டாப்பில் எந்நேரமும் சிபியு 100 என்றால், வைரஸும் தூசி அடைத்த ஃபேனும் இல்லை என்று உறுதி செய்தபின் லேப்டாப்பையே மாற்றத் தயாராகுங்கள். அதன் பிராசஸர் பெரும்பாலும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது.

பார்ட் வாங்குவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எம்.2 எனும் பட்டை வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை. பார்க்க ஒரே சூயிங்கம் பட்டைதான். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் மெஷின் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. ரேமிலும் டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். டிடிஆர்3எல் கேட்கும் லேப்டாப்பில் வெறும் டிடிஆர்3 போட்டால் திரை கறுப்பாகவே நிற்கலாம். பழைய ரேம் ஸ்டிக்கை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் எஸ்எஸ்டி வாங்க வேண்டாம். வாரன்டிக்கு அலைய நேரிடும்.

டெஸ்க்டாப்பில் பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்பவர்களுக்கு ஒன்று: 6, 7வது தலைமுறைக்கும் 8, 9வது தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே, 1151. ஆனால் போர்டு வேறு. போர்டையும் மாற்றினால் பாதி புது கம்ப்யூட்டர் விலை வந்துவிடும்.

எஸ்எஸ்டி, ரேம் இரண்டும் சேர்ந்து மாற்று மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் போடுங்கள். இது எங்கள் கணக்கு. கீல் உடைந்து, திரையில் கோடு விழுந்து, பேட்டரியும் போயிருந்தால் போட வேண்டாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது; அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள்.

பெங்களூரில் ஐடி கம்பெனிகளிலிருந்து திரும்பி வந்த லேப்டாப்புகள் நிறையக் கிடைக்கும். கடையிலேயே நெட்டோடு இணைத்து விண்டோஸை ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு ஆபீஸ் மெயில் ஐடி கேட்டால், அது இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது. பயாஸ் பாஸ்வேர்ட் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கைக் குளோன் செய்யும் முன், அதாவது அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் முன், டிஸ்க்கின் நலம் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பாருங்கள். நீலம் என்றால் குளோன் செய்யலாம். மஞ்சள் என்றால் முதலில் போட்டோ, டாக்குமென்ட்களைக் காப்பி எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். மஞ்சள் டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.