வீட்டுத்திட்ட வீடும் ஹமர் கிறிட்டும்

சோர்ஸ் எஞ்சின் (ஹாஃப்-லைஃப் 2 ஓடுற கேம் எஞ்சின்) கேம்களுக்கு மப் கட்டிற ஹமர் எடிற்றரைத் திறந்த உடனே கிறிட்டை, அதாவது அளவுக் கட்டத்தை, 1 யூனிற்றில வைச்சுக்கொண்டு சுவர் எழுப்பிற பெடியள் கனபேர். வேண்டாம். 64இல தொடங்குங்கோ. இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி விசை கிறிட்டைச் சின்னனாக்கும், வலப்பக்கத்தது பெரிசாக்கும். இடப்பக்கத்தில கை வைக்க முதல் ஒருக்கா யோசியுங்கோ.

சோர்ஸ் எஞ்சின் கட்டடங்களில 16 யூனிற்றை ஒரு அடியாக எடுக்கிறது வழமை. கிளிநொச்சிப் பக்கத்து வீட்டுத்திட்ட வீடு ஒன்றைக் கட்டுவம்: இரண்டு அறை, ஹோல், குசினி, முன்னால விறாந்தை. பத்தடி அறை எண்டால் 160 யூனிற், 64 கிறிட்டில இரண்டரைக் கட்டம். கிறிட்டை இறக்காதேங்கோ, அறையை 192 ஆக்குங்கோ. நிஜத்தில போதுமான பத்தடி, கேமுக்குள்ள கோழிக்கூடு மாதிரித்தான் இருக்கும். சுவர் உயரம் 128. 512 பிக்சல் ரெக்ஸ்சர் (சுவரில ஒட்டிற படம்) 0.25 அளவில சரியா 128 யூனிற்றை மூடும், கல்லு வரி பாதியில வெட்டுப்படாது.

ஆறங்குலக் கல்லுச் சுவர் 8 யூனிற் தடிப்பு. கிறிட்டை 8க்கு இறக்கிறது இங்கதான். வாசல் வெட்ட கார்வ் (ஒரு கட்டியால இன்னொண்டைக் குடையிற கட்டளை) வேண்டாம், கண்டபடி துண்டாக்கிப்போடும். கோடு போட்டு வெட்டிற கிளிப் ரூல் காணும்.

விறாந்தையில மினைக்கெடலாம், சண்டை நடக்கிற இடம் அதுதானே. அத்திவாரம் நிலத்தில இருந்து இரண்டடி, அதாவது 32. படி ஒவ்வொன்றும் 8 உயரம், 16 அகலம். ஹாஃப்-லைஃப் 2இல ஆள் குதிக்காமல் ஏறக்கூடிய உயரம் 18, அதால இந்தப் படியில தடக்குப்படாது. அரைச்சுவரை 48இல வையுங்கோ. நிக்கிற ஆளின்ர கண் 64இல இருக்கும், சுவருக்கு மேலால சுடலாம். குந்தினால் ஆளே 36தான், முழுசா மறைஞ்சிடுவார். 64இல வைச்சால் நிண்டும் ஒண்டும் தெரியாது.

யன்னல் கம்பி, கிடுகு வேலி, படலைக்கு மட்டும் 4, 2 எண்டு இறங்குங்கோ. அதுகளை ஃபங்க் டீற்றெயில் (இடத்தைக் கூறுபோடாத சின்ன வேலைப்பாடு) ஆக்க மறக்கவேண்டாம், இல்லாட்டி ஒவ்வொரு கம்பிக்கும் இடம் கூறுபட்டு, எங்க இருந்து எது தெரியும் எண்டு பார்க்கிற விவிஸ் கணக்குப் பார்த்துக்கொண்டே கிடக்கும்.

பிறகு கொம்பைல் பண்ணேக்க (மப்பைக் கேமில ஓடுற மாதிரி மாத்தேக்க) லீக், அதாவது மப்பில வெளிவெறுமைக்கு ஓட்டை, எண்டு வந்தால் அந்த ஓட்டைக்கு வழிகாட்டிற பொயின்ற்ஃபைலை ஏற்றி, சிவப்புக் கோட்டுக்குப் பின்னால போங்கோ. கிறிட்டில் இருந்து விலகின சுவர் மூலை ஒன்றில கொண்டுபோய் விடுறதுதான் கூட. வேர்ரெக்ஸ் ரூலில அந்த மூலையைத் தெரிவுசெய்து கொன்ற்றோல்-பி அமத்தினால் திரும்பக் கிறிட்டில ஒட்டும்.

வீட்டுக்குப் பின்னால இரணைமடு மாதிரிக் குளக்கட்டு வேணுமெண்டால் கிறிட்டை 512க்கு ஏத்துங்கோ. 512 சதுரம், பவர் 3 டிஸ்பிளேஸ்மென்ற் (மேடுபள்ளமாக்கக்கூடிய தரை; பவர் எண்டது அதை எத்தனை கட்டமாப் பிரிக்கிறது எண்ட அளவு): 8க்கு 8 கட்டம், ஒவ்வொன்றும் 64. பக்கத்துத் துண்டும் அதே அளவு, அதே பவர் எண்டால் தைக்கேக்க வெடிப்பு வராது. டிஸ்பிளேஸ்மென்ற் வெளிவெறுமையை அடைக்காது, கீழ 16 தடிப்பில நோட்ரோ பிறஷ் (கேமில கண்ணுக்குத் தெரியாத கட்டி) ஒன்றைப் போட்டுவிடுங்கோ.